படி தாண்டும் வயது

குழந்தை குப்புறக் கவிழ்ந்தால் ஒரு பலகாரம், வாசற்படி தாண்டினால் ஒன்று, அடியெடுத்து வைத்தால் இன்னொன்று என்று செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து வைத்தார்கள். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடை போட்டு வரும்படி அழைக்கும் வருகை என்று அந்த வரிசை போகிறது. இன்றைய குழந்தை மருத்துவர் தம் அட்டவணையில் குறித்துக்கொள்பவையும் கிட்டத்தட்ட இந்தச் செயல்களைத்தான்.

அட்டவணை என்றதும் பெற்றோருக்கு வரும் முதல் கவலை தேதி. எதிர் வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, நம் பிள்ளைக்குப் பதினாலு மாதம் ஆகியும் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்ற கவலை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்துவந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தானே நடக்கும் திறன் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்தது. ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி அது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போன குழந்தைகளும் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். 18 மாதம் நிறைந்தும் குழந்தை தானாக நடக்கவில்லை என்றால், அல்லது ஏற்கெனவே செய்துவந்த ஒன்றைச் செய்வதை நிறுத்திவிட்டால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்கு உட்பட்ட எல்லாத் தேதிகளும் நல்ல தேதிகளே.

எனக்குத் தேதியைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையில், யாரும் பலகாரம் செய்யாத அந்தச் சாதாரண நாள்களில், குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறது?

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடோல்ஃப், குழந்தைகள் நகரக் கற்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருபவர். 12 முதல் 19 மாதக் குழந்தைகளை ஒரு விளையாட்டு அறையில் அவர்கள் விருப்பத்துக்கு விட்டு, காணொளியில் பதிவுசெய்து, ஒவ்வோர் அடியையும் எண்ணினார்கள் அவருடைய குழுவினர். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைக்கிறது; 701 மீட்டர் போகிறது; 17 முறை விழுகிறது. நாளில் ஆறு மணி நேரம் இப்படித் திரிந்தால் பதினாலாயிரம் அடிகள், நூறு முறை விழுதல். எந்த விளையாட்டு வீரரின் பயிற்சிக்கும் குறையாத உழைப்பு இது.

விழுவது பெரியவர்களைப் பதற வைக்கிறது. குழந்தையின் உடலுக்கு அது அவ்வளவு பெரிய சேதி இல்லை. உயரமும் எடையும் குறைவாக இருப்பதால் தரையில் மோதும் விசை குறைவு. பெரும்பாலும் கையை ஊன்றியோ பின்புறம் அமர்ந்தோ விழுகிறது. சில விநாடிகளில் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அழுவது மிகச் சில தடவைகளே. ஆனால் ஒரு புதிர் இருக்கிறது. நன்றாகத் தவழத் தெரிந்த குழந்தை, வீடு முழுவதும் விறுவிறுவென்று போய்வரும் அந்தத் திறமையைக் கைவிட்டு, தள்ளாடி விழும் நடைக்கு ஏன் மாற வேண்டும்? அதே ஆய்வு இதற்கும் விடை தந்தது. புதிதாய் நடக்கும் குழந்தை, தவழ்வதில் தேர்ந்த குழந்தையைவிட அதிக நேரம் நகர்கிறது, அதிக தூரம் போகிறது. விழுந்த எண்ணிக்கையைப் போன தூரத்தோடு வைத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே விலைக்குக் கூடுதல் உலகம் கிடைக்கிறது. கைகள் வேறு காலியாகின்றன. கண்ணுக்குத் தரைக்குப் பதிலாக அறை முழுவதும் தெரிகிறது.

எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் குறிப்பிட்ட எந்த இடத்துக்கும் இல்லை. ஏதோ ஒரு பொருளை நோக்கி நடக்கிறது என்று நாம் நினைப்போம். பாதி வழியில் நின்று, திரும்பி, வேறு பக்கம் போகும். நடப்பதற்காகவே நடக்கிறது. நேராக, வளைந்து, பின்னோக்கி, பாயின் விளிம்பில் தடுக்கி, மொசைக் தரையிலிருந்து சிமெண்ட் முற்றத்துக்கு இறங்கி என்று ஒவ்வொரு நடையும் முந்தியதிலிருந்து சற்று மாறுபடுகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைவிட இந்த மாறுபாடுதான் நடையை உறுதியாக்குகிறது.

அடோல்ஃபின் இன்னொரு சோதனையை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். சாய்வை மாற்றக்கூடிய ஒரு சரிவுப் பாதை; மறுமுனையில் அம்மா. தவழப் பழகிய புதிதில் குழந்தைகள் செங்குத்தான சரிவிலும் தயங்காமல் இறங்கினார்கள். விழும்போது பிடித்துக்கொள்ள ஓர் ஆய்வாளர் பக்கத்திலேயே இருந்தார். பல வாரப் பழக்கத்துக்குப் பிறகு, எந்தச் சரிவில் இறங்கலாம், எதில் கூடாது என்று மிகத் துல்லியமாகக் கணிக்கக் கற்றார்கள். பிறகு நடக்கத் தொடங்கினார்கள். கற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று வியக்கும்படி, அதே செங்குத்துச் சரிவில் நேராக நடந்து போய் விழுந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு முயற்சிகளில்கூட, தவழும் நிலையில் வைத்தால் விளிம்பில் நின்று மறுத்த அதே குழந்தை, நிற்கவைத்தால் கால் வைத்துவிட்டது.

குழந்தை கற்பது ‘பள்ளம் ஆபத்து’ என்ற பொதுப்பாடத்தை இல்லை; இந்த உடலால், இந்த நிலையில், எது முடியும் என்பதை. உடலின் நிலை மாறினால் பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது. கட்டில் விளிம்பு வந்ததும் நின்று திரும்பிய பிள்ளை, நடக்கப் பழகிய வாரத்தில் அதே விளிம்பில் நிற்கும் என்று நம்பக் கூடாது. “அதுக்குத் தெரியும், விழாது” என்று நாம் சொல்வது தவழும் பிள்ளையைப் பற்றி. நடக்கும் பிள்ளைக்கு அது இன்னும் தெரியாது.

அப்படியானால் தெரியாத இடத்தில் அது என்ன செய்கிறது? நம் முகத்தைப் பார்க்கிறது. 1985இல் ஜேம்ஸ் சோர்ஸும் சகாக்களும் ஒரு வயதுக் குழந்தைகளை, கண்ணாடி பதித்த மேசை ஒன்றின்மேல் விட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே 30 சென்டிமீட்டர் பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். போகலாமா வேண்டாமா என்று குழம்பவைக்கும் அளவான ஆழம் அது. எதிர்ப்பக்கம் நின்ற அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்தார்கள். பயம் தெரிந்தபோது 17 பேரில் ஒருவரும் கடக்கவில்லை.

தன்னிச்சை என்றால் பெற்றோரை விட்டு விலகிப் போவது என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் மேரி ஐன்ஸ்வொர்த். 1954, 1955 ஆண்டுகளில் உகாண்டாவின் கம்பாலாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய், தாயும் பிள்ளையும் இருக்கும் கூடத்தில் மணிக்கணக்காக அமர்ந்து பார்த்தவர் அவர். குழந்தை தாயிடமிருந்து நகர்ந்து போய் எதையாவது ஆராயும், சற்று நேரத்தில் திரும்பி வந்து மடியைத் தொடும், அல்லது தூரத்திலிருந்தே ஒருமுறை பார்த்துக்கொள்ளும், மறுபடி போகும். தாய் எழுந்து வெளியே போய்விட்டால் ஆராய்ச்சியும் நின்றுவிடும். திரும்பி வர நம்பகமான ஓர் இடம் உள்ள பிள்ளைதான் துணிந்து தூரம் போகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அடுப்படி வாசலில் நின்று அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு ஓடும் பிள்ளை தொந்தரவு செய்யவில்லை. அடுத்த சுற்றுக்குத் தைரியம் சேர்த்துக்கொண்டு போகிறது.

நடை, பேச்சையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தவழும் குழந்தை கையில் உள்ள பொருளை இருந்த இடத்திலிருந்து தூக்கிக் காட்டும். நடக்கும் குழந்தை அதை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்து நீட்டும். லானா கராசிக், கேதரின் டாமிஸ்-லெமோண்டா, அடோல்ஃப் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வுகளில், இப்படி நடந்து வந்து நீட்டப்படும் பொருளுக்குத் தாய்மார் தரும் பதிலே வேறாக இருந்தது. வெறுமனே பெயர் சொல்வதோடு நிற்காமல், அதைத் திற, இதில் போடு, தட்டு என்று செயலைச் சொல்லும் பேச்சு அதிகமானது. வினைச்சொற்கள் வீட்டுக்குள் வருவது இந்த வழியாகத்தான். கரண்டியோடு வந்து நிற்கும் பிள்ளையிடம் “கொண்டு போய் ஆச்சிகிட்ட குடு” என்று சொல்லும் ஒரு வாக்கியத்தில் எத்தனை பாடம் இருக்கிறது!

நடக்கப் பழக்குகிறேன் என்று சக்கர வாக்கர் வாங்குபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் குழந்தையை உட்காரவைத்து, காலால் உந்தினால் உருளும் அந்த வண்டி நடக்கக் கற்பிப்பதில்லை; உடலைச் சமன்செய்யும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகள் காரணமாகக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் ஊர்த் தச்சர் செய்துதரும் மூன்று சக்கர நடைவண்டி வேறு வகை. அதைப் பிடித்துத் தள்ள, குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நிற்க வேண்டும். யாராவது பக்கத்தில் இருக்கும்போது தள்ளவிட்டால், அதில் உண்மையாகவே நடை இருக்கிறது.

கால்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கைகளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். 1999இல் மைக்கேல் மெக்கார்ட்டி, ரேச்சல் கிளிஃப்டன் குழுவினர் ஸ்பூனில் உணவை வைத்து, கைப்பிடி ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் இருக்கும்படி குழந்தைகளின் முன் நீட்டினார்கள். 9 மாதக் குழந்தைகள் பழகிய கையாலேயே பற்றினார்கள். பிடி தவறான பக்கம் இருந்தபோது உணவுக்குப் பதிலாகக் கைப்பிடி வாய்க்குள் போனது. 14 மாதக் குழந்தைகளும் அப்படியே பற்றினார்கள், ஆனால் பாதி வழியில் தவற்றை உணர்ந்து, மணிக்கட்டைக் கோணலாக முறுக்கியாவது சரிசெய்தார்கள். 19 மாதக் குழந்தைகள் தொடுவதற்கு முன்பே எந்தக் கை என்று முடிவுசெய்துவிட்டார்கள்.

செயலுக்கு முன் திட்டம் வந்துவிட்டது என்பது இதன் பொருள். பத்து மாதத்தில் நடந்த இந்த மாற்றத்துக்கு நடுவே எத்தனை வேளைச் சோறு தரையில் சிந்தியிருக்கும்! நம் வீடுகளில் ஊட்டிவிடுவது அன்பின் அடையாளம். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சிந்திவிடுமே என்பதற்காக நான்கு வயது வரை தட்டைக் கையிலேயே கொடுக்காமல் இருந்தால், அந்தத் திட்டமிடும் பயிற்சி குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. ஊட்டும்போதே அதன் முன் ஒரு சின்னத் தட்டில் இட்லித் துண்டும் வெந்த கேரட்டும் இருக்கட்டும். இட்லியைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லோரென்சோவில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கல்விமுறை, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துடைப்பது போன்ற வீட்டு வேலைகளைப் பாடமாகவே வைத்திருக்கிறது. அதுவும் குழந்தையின் கைக்கேற்ற அளவில் செய்த நிஜச் சாமான்களோடு. 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்த அவர், போர் காரணமாக நாடு திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அந்த எண்ணம் நமக்கு அந்நியமானது இல்லை.

ஒன்றரை வயதை ஒட்டி இன்னொரு பெரிய திருப்பம் நிகழ்கிறது. குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்தினால், அதற்கு முன்பெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும். 18 முதல் 24 மாதத்துக்குள் தன் மூக்கைத் தானே தொட்டுப் பார்க்கும். 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் இதைப் பதிவுசெய்தார். 2007இல் கிறிஸ் மூரும் சகாக்களும் செய்த சோதனை இதைவிட எனக்குப் பிடித்தது. ஒரு தள்ளுவண்டியின் பின்பக்கம் சிறு விரிப்பு இணைக்கப்பட்டிருக்கும். வண்டியைத் தள்ளக் குழந்தை விரிப்பின்மேல் நிற்க வேண்டும். நின்றால் வண்டி நகராது. தடையாக இருப்பது தன் உடல்தான் என்று புரிந்தால்தான் இறங்கித் தள்ளும். 15 முதல் 21 மாதக் குழந்தைகளிடம் செய்தபோது, கண்ணாடியில் தன்னை அறிந்தவர்களே இதிலும் மேலாகச் செய்தார்கள். ‘நான்’ என்ற ஒன்று இருப்பது தெரியவந்த அதே சமயத்தில், ‘நானே செய்வேன்’ என்ற பிடிவாதமும் வந்து நிற்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பிடிவாதம் முறியும்போது வருவதுதான் தரையில் புரண்டு அழும் அழுகை. செருப்பைத் தானே மாட்ட வேண்டும், விரல்கள் ஒத்துழைக்கவில்லை, சொல்லச் சொற்கள் போதவில்லை, அம்மா குனிந்து மாட்டிவிடுகிறார். அவ்வளவுதான். விருப்பத்தை அடக்கிக் காத்திருக்கச் சொல்லும் மூளையின் முன்நெற்றிப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்ட வேண்டும். இரண்டு வயதில் அதனிடம் நிதானத்தைக் கேட்க முடியாது. மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் பெற்றோரின் குறிப்புகளைக் கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய அழுகைகளில் முக்கால் பங்கு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. துக்கம் மட்டும் நெடுக இருக்கிறது. உதைப்பும் கத்தலும் ஓய்ந்ததும் குழந்தை மடியைத் தேடி வருவது அதனால்தான். அந்த நேரத்தில் மடி மறுக்கப்படக் கூடாது.

கழிப்பறைப் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962இல், குழந்தை ஆயத்தமாகும் வரை அவசரப்படுத்தாதீர்கள் என்றார். கென்யக் கடலோரத்து டிகோ மக்களோ பிறந்த சில வாரங்களிலேயே காலில் இருத்தி ஒலி எழுப்பிப் பழக்குகிறார்கள் என்று 1977இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் பாட்டிகள் ‘ஸ்ஸ்’ என்று சொல்லிக் காலில் உட்காரவைப்பதும் அதே வழி. இரண்டிலும் குழந்தைகள் பழகிவிடுகிறார்கள். திட்டும் அடியும் எந்த வழியிலும் உதவுவதில்லை.

ஆனால் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உலக அளவில் நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் மிக அதிகமாக இருப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான். கிணறும் குளமும் மட்டும் காரணம் இல்லை. இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை கனமானது. குளியலறை வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும் பிள்ளையால் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள். குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஆபத்தானவற்றை அகற்றிவிட்ட வீட்டில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் ‘சரி, செய்’ என்று சொல்ல முடியும்.

அப்படி அனுமதி கிடைத்த பிள்ளை முதலில் செய்ய விரும்புவது நம் வேலையை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகெனும் மைக்கேல் டொமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகள் பார்க்கும்படி துணி காயப்போட்டார்கள்; கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டினார்கள். கை நிறையப் பத்திரிகைகளைச் சுமந்துகொண்டு அலமாரிக் கதவில் முட்டினார்கள். உதவி கேட்கவில்லை. 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு முறையாவது தாமாகவே போய் உதவினார்கள், பெரும்பாலும் சில விநாடிகளுக்குள். கிளிப்பை வேண்டுமென்றே எறிந்தபோது எடுத்துத் தருவது வெகுவாகக் குறைந்தது. அதாவது, மற்றவருக்கு என்ன தேவை என்று புரிந்தே எடுத்தார்கள். இது 2006இல்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களே 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைச் சோதித்தார்கள். உதவிய சிலருக்கு விளையாட்டுப் பொருள் பரிசாகக் கிடைத்தது, சிலருக்குப் பாராட்டு, சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு யாருக்கும் எதுவும் தராத சுற்றில், பரிசு பெற்றிருந்தவர்கள் உதவுவது குறைந்தது. மற்ற இரு குழுக்களும் உதவிக்கொண்டே இருந்தன. ஆகவே மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கிளிப்பை எடுத்துக்கொடுக்கும் பிள்ளைக்குச் சாக்லேட் தர வேண்டாம். கிளிப் டப்பாவையே அதன் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடியக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும்.